அந்த மனுவில் ராத்தாவின் பெயர் இருந்ததா?



சென்ற வாரம் பதினோராம் தரத்தில் பறாயிள் கணக்கொன்று செய்தோம். ஒருவர் மௌத்தாகிறார். மனைவி, இரண்டு ஆண்மக்கள், மூன்று பெண்மக்கள் இருக்கிறார்கள். விட்டுச்சென்றது 80 பேர்ச் காணி. மனைவிக்கு எட்டில் ஒன்று, அதாவது 10 பேர்ச். மீதி 70 பேர்ச்சை ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று என்று பிரித்தால் ஏழு பங்கு. மகள் ஒருவருக்கு 10, மகன் ஒருவருக்கு 20.

எல்லாப் பிள்ளைகளும் சரியாகச் செய்துவிட்டார்கள். கடைசி வாங்கில் இருந்த ஒரு பிள்ளை மட்டும் எழும்பி, "சேர், அந்த 10 பேர்ச்சை எங்கட உம்மாவுக்கு யார் எடுத்துத் தாறது?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்குப் பாடப்புத்தகத்தில் விடை இல்லை. எமது நாட்டின் சட்ட வரலாற்றில் இருக்கிறது. அதைத்தான் இன்று எழுதுகிறோம்.

எம்மில் பலர் நினைப்பதுபோல் வாரிசுச் சொத்து விடயம் காதி நீதிமன்றத்துக்குரியது அல்ல. விவாகமும் விவாகரத்தும் தாபரிப்பும் அங்கே போகும். முதுசம் போவது மாவட்ட நீதிமன்றத்துக்கு. 1833ஆம் ஆண்டின் நீதிச் சாசனத்தோடு, இறந்தவர்களின் ஆதனத்தை விசாரித்து நிர்வாகிகளை நியமிக்கும் அதிகாரம் மாவட்ட நீதிமன்றங்களிடம் வந்தது. "டெஸ்டமென்டரி கேஸ்" என்று எமது மூத்தவர்கள் சொல்லும் மரணசாதன வழக்கு இதுதான்.

எந்தச் சட்டப்படி பிரிப்பது? ஒல்லாந்தர் காலத்துத் தொகுப்பொன்றை அடியொற்றி, 1806இல் முஹம்மதியச் சட்டக்கோவை வந்தது. அதில் வாரிசுரிமை பெரிய பகுதி. முதலில் கொழும்பு மாகாணத்து முஸ்லிம்களுக்காக இருந்த அது 1852இல் நாடு முழுவதற்கும் விரிந்தது. பிறகு 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் வந்தது. மரணசாதனம் எழுதாமல் இறக்கும் முஸ்லிமின் சொத்து, அவர் சார்ந்த மத்ஹபின் சட்டப்படி பிரியும் என்று அது சொல்லிற்று. ஆக, மகளின் பங்கு மிம்பரில் சொல்லப்படும் உபதேசம் மட்டுமல்ல. இந்த நாட்டின் எழுதப்பட்ட சட்டமும்கூட.

ஆனால் சட்டம் தானாக நடந்து வீட்டுக்கு வராது. அதை மனுவாக்கி நீதிமன்றத்தில் வைக்க ஒருவர் வேண்டும். அவர்தான் புறொக்டர். அந்தக் காலத்தில் அத்வக்காத்துகள் நீதிமன்றத்தில் எழும்பி வாதாடுவார்கள். கட்சிக்காரரோடு இருந்து, கதையைக் கேட்டு, மனுவும் சத்தியக்கடதாசியும் தயாரிப்பது புறொக்டரின் வேலை. அநேகர் நொத்தாரிசாகவும் இருந்தார்கள். காணி உறுதி எழுதியவரும், காணிக்காரர் மௌத்தான பின் அவரது ஆதன வழக்கைப் போட்டவரும் பல ஊர்களில் ஒரே ஆள்தான்.

'அஸன்பேயுடைய கதை' எழுதியவர், 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையை நடத்தியவர் என்று பிள்ளைகளுக்கு நாம் படிப்பிக்கும் அறிஞர் சித்திலெப்பை (1838–1898) தொழிலால் கண்டியில் ஒரு புறொக்டர் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். எமது கல்விக்காகவும் பெண்பிள்ளைகளின் படிப்புக்காகவும் குரல் கொடுத்தவர், சட்டக் கடதாசிகளுக்கு நடுவே வாழ்ந்த மனிதர்.

1889ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை இந்த வேலைக்கு ஒழுங்கு வகுத்தது. இறந்தவர் யார், எங்கே இறந்தார், என்ன விட்டுச்சென்றார், வாரிசுகள் யார் யார் என்று மனுவில் எழுத வேண்டும். மனுப் போடாத வாரிசுகள் எதிர்மனுதாரராகப் பெயர் குறிக்கப்பட வேண்டும். வயது வராத பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்காகப் பேச ஒருவர் நியமிக்கப்பட வேண்டும். நியமனம் பெறும் நிர்வாகி சத்தியம் செய்து, சொத்துப் பட்டியலைப் பெறுமதியோடு கொடுத்து, கடைசியில் கணக்கும் ஒப்புவிக்க வேண்டும்.

இதிலே ஒரு சிறிய விடயம் எம்மை எப்போதும் நிறுத்தி யோசிக்க வைக்கும். வாசிக்கத் தெரியாத ஒருவர் சத்தியக்கடதாசியில் கையடையாளம் வைத்தால், அது அவர் முன்னால் வாசித்து விளக்கப்பட்டது, அவர் விளங்கிக்கொண்டதாகத் தெரிந்தது என்று சத்தியம் பெறுபவர் எழுத வேண்டும். ஒரே ஒரு வரி. நீதிமன்றம் ஆங்கிலத்தில் நடந்த காலத்தில், பெருவிரலில் மை பூசி வைத்த எங்கள் மூத்தம்மாமாருக்கு இருந்த ஒரே பாதுகாப்பு அந்த வரிதான். நேர்மையான புறொக்டர் உண்மையிலேயே வாசித்து, "இது உங்கட பங்கு உம்மா, விட்டுக்கொடுக்க வேண்டுமென்று கட்டாயம் இல்லை" என்று சொல்லியிருப்பார். மற்றவர் வரியை மட்டும் எழுதியிருப்பார். கடதாசியில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

1973ஆம் ஆண்டின் நீதி நிர்வாகச் சட்டத்தோடு அந்தப் பிரிவு முடிந்தது. 1974 ஜனவரி முதல் அத்வக்காத்தும் புறொக்டரும் ஒன்றாகி எல்லோரும் சட்டத்தரணிகள் ஆனார்கள். பெயர் மாறிற்று, வேலை மாறவில்லை. இன்றும் யாரோ ஒருவர் மேசையில் இருந்து, "வாப்பாவுக்கு எத்தனை பிள்ளைகள்?" என்று கேட்கிறார். யாரோ ஒருவர் பதில் சொல்கிறார்.

அந்தப் பதிலில்தான் எல்லாம் இருக்கிறது. "ராத்தாவுக்கு அப்போதே சீதனம் கொடுத்தாச்சு" என்று நாம் சொல்கிறோம். வாப்பா உயிரோடு இருக்கும்போது கொடுத்தது நன்கொடை. மௌத்துக்குப் பின் வருவது பங்கு. இரண்டும் ஒன்றல்ல. "தங்கச்சி ஒன்றும் கேட்கவில்லையே" என்றும் சொல்கிறோம். கேட்டால் நானாமாரின் வாசல் மூடிவிடும் என்று பயந்துதான் அவள் கேட்கவில்லை. அந்த மௌனத்தை நாம் சம்மதம் என்று எழுதிக்கொள்கிறோம்.

எமது குடும்பத்திலும் இது நடந்தது. மூத்தவாப்பாவின் காணி வழக்குப் போடப்படாமலே ஆண்டுக்கணக்கில் கிடந்தது. கடைசியில் கடதாசி எழுதியபோது மாமி ஒருவர் மௌத்தாகியிருந்தார். அவருடைய பிள்ளைகளைத் தேடிப் போய்ச் சொல்ல யாருக்கும் முகம் இருக்கவில்லை.

ஆகவே வகுப்பில் அந்தப் பிள்ளைக்கு நாம் சொன்ன பதில் இதுதான்: "மகள், சட்டத்தரணி எழுதுவார், நீதிமன்றம் கட்டளை போடும். ஆனால் உங்கட உம்மாவின் பெயரைச் சொல்ல வேண்டியது உங்கட மாமாமார். அவர்கள் சொல்லாவிட்டால், உம்மாவே போய்ச் சொல்லலாம். வழக்கில் வந்து பேச அவருக்கு உரிமை இருக்கிறது."

வீட்டில் மௌத்து நடந்து கத்தம் முடிந்ததும், கடன்களையும் வசிய்யத்தையும் பாருங்கள். பிறகு எல்லா வாரிசுகளையும், சகோதரிகளையும் சேர்த்து, ஒரு பாயில் இருத்துங்கள். கையொப்பம் கேட்கும் முன்னர் கடதாசியை அவர்களுடைய மொழியில் வாசித்துக் காட்டுங்கள். காலம் கடத்தாதீர்கள்.

மூன்று பேருக்கும் பத்துப் பத்துப் பேர்ச். கணக்கு எமது பிள்ளைகளுக்கு வருகிறது. எமக்கும் வர அல்லாஹ் அருள்புரிவானாக.