வானத்துத் தம்பியும் வடதிசை மக்களும்



கனடாவின் வடகோடியிலே நுனாவுட் என்றொரு பெருநிலம் உண்டு. அதன் பரப்பு ஏறத்தாழ 20 இலட்சம் சதுர கிலோமீற்றர். அங்குள்ள ஊர்களோ 25 மாத்திரமே. ஓர் ஊரை மற்றோர் ஊருடன் இணைக்கும் தெரு எதுவும் இல்லை. கோடையிலே கப்பல் வரும். ஏனைய காலமெல்லாம் ஆகாய விமானமே துணை. உறைந்த நிலத்திலும் பனிக்கடலிலும் கம்பி இழுத்தல் பெருஞ்செலவான காரியம். ஆதலின், இனுயிட் மக்கள் வாழும் அவ்வூர்களுக்கு வானமே செய்தி வழியாயிற்று.

பூமியின் சுழற்சியோடு ஒத்துச் சுழலும் செய்மதிகளைக் கொண்டு உலகெங்கும் ஒலிபரப்பலாம் என்று 1945ஆம் ஆண்டிலே எழுதியவர் ஆதர் சி. கிளார்க். 1956 முதல் இலங்கையிலே வாழ்ந்து, 2008இல் கொழும்பிலே காலமான அவ்வறிஞரை நேயர்கள் அறிவர். அத்தகைய நிலைச் செய்மதியைத் தன் உள்நாட்டுத் தொடர்புக்கென முதன்முதலில் ஏவிய நாடு கனடா. 1972 நவம்பர் 9ஆம் நாள் வானேறிய அச்செய்மதிக்கு ‘அனிக்’ என்று பெயரிட்டனர். இனுயிட் மக்களின் மொழியிலே அதற்குத் ‘தம்பி’ என்பது பொருள்.

ஆனால், தம்பி கொணர்ந்த தொலைக்காட்சியை ஓர் ஊர் ஏற்க மறுத்தது. இக்லூலிக் என்னும் அவ்வூரார் 1975இலும் 1979இலும் வாக்கெடுத்து, ‘வேண்டாம்’ என்றனர். புதுமையை வெறுத்த பேதைமையோ இது? அன்று. வந்த நிகழ்ச்சிகளிலே அவர்தம் மொழி ஒலிக்கவில்லை. வீடுதோறும் அயல்மொழியே நாள்முழுதும் பேசுமாயின், பிள்ளைகளின் நாவிலே பாட்டனின் மொழி எவ்வாறு தங்கும்? 1981இல் இனுயிட் ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டு, மறு ஆண்டிலே தாய்மொழி நிகழ்ச்சிகள் வரத் தொடங்கிய பின்னரே அவ்வூர் இசைந்தது.

பின்னர் இணையமும் அதே வான்வழியாக வந்தது. நிலைச் செய்மதி ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் உள்ளது. நாம் அனுப்பும் கேள்வி மேலே சென்று கீழே இறங்க, விடையும் அவ்வாறே ஏறி இறங்கவேண்டும். இதற்கே அரை விநாடி கழியும். பலர் ஒரே செய்மதியைப் பங்கிட்டமையால் வேகம் குறைந்தது, கட்டணமோ உயர்ந்தது. 2011 ஒக்ரோபர் 6ஆம் நாள், அனிக் எஃப்2 என்னும் செய்மதி பூமியை நோக்குதலை விட்டுத் திரும்பியபோது, வடபுலத்துப் பல ஊர்களிலே தொலைபேசியும் இணையமும் ஒருங்கே அடங்கின. விமானங்களும் புறப்படாது நின்றன. ஒற்றைத் தம்பியை நம்பியிருத்தலின் ஆபத்தை அந்நாள் உணர்த்திற்று.

இக்குறைகளுக்கிடையிலும் இக்லூலிக் மக்கள் வாளாவிருந்தாரல்லர். அவ்வூர்த் திரைப்பட இயக்குநர் சக்கரியாஸ் குனுக் முதலானோர் 1990இல் தொடங்கிய ‘இசுமா’ நிறுவனம், 2008இலே தாய்மொழிப் படங்களுக்கென ஓர் இணையத்தளத்தைத் திறந்தது. இணைப்பின் வேகம் போதாத ஊர்களிலே சேமிப்புக் கணினிகளை நிறுவி, படங்களை மெல்ல மெல்ல இறக்கி வைத்து, ஊரார் தடையின்றிக் காண வழிசெய்தனர்.

2019 மே மாதம் முதல் ஸ்டார்லிங்க் செய்மதிகள் கூட்டங் கூட்டமாக ஏவப்பட்டு வருகின்றன. அவை நிலைச் செய்மதியினும் மிகத் தாழ்ந்த உயரத்திலே சுற்றுவதால் விடை விரைந்து வருகிறது. வடபுலத்து வீட்டுக் கூரைகளிலும் அவற்றின் வாங்கிகளைக் காணலாம். தூரம் என்னும் பழந்தடை இவ்வாறு தளர்ந்துவருகின்றது.

எனினும், இக்லூலிக் அன்று எழுப்பிய வினா இன்றும் விடை வேண்டி நிற்கிறது. வழி திறந்தது, அவ்வழியே எவர் குரல் வரும், எம் குரல் எங்கே செல்லும்? தொலைதூரக் கிராமம் ஒன்றுக்கு இணையம் கொண்டுசெல்வோர், வாங்கியை நாட்டுமுன் அவ்வூராரிடம் இவ்வினாவைக் கேட்டல் வேண்டும். கேட்பதோடு அமையாது பேசவும் வல்ல ஊருக்கே வானத்துத் தம்பி மெய்யான உறவாவான்.