பங்காரு வாய்க்கால்

பாகூர் ஏரிக்குத் தென்பெண்ணையாற்றுத் தண்ணீரைக் கொண்டுவருவது பங்காரு வாய்க்கால். விழுப்புரம் மாவட்டத்துச் சொர்ணாவூர் அணைக்கட்டில் பிரிந்து, கிழக்கே இறங்கும் நிலச் சாய்வைப் பிடித்துக்கொண்டு புதுச்சேரி எல்லைக்குள் நுழைகிறது. ஊசுட்டேரிக்கு அடுத்தபடியாகப் புதுச்சேரியின் பெரிய ஏரி பாகூருடையது.

வாய்க்காலுக்குப் பெயராகும் மரியாதை இங்கே ஆடல் மகளிருக்குக் கிடைத்தது. பங்காரு, சிங்காரு என்ற இரு தாசிகள் தங்கள் பொருளைக் கொடுத்து வெட்டுவித்தார்கள் என்பது ஊர் வழக்கு. இதை அப்படியே வரலாறாகக் கொள்ள முடியாது. ஆனாலும் கோயில் பெண்கள் பொன்னும் நிலமும் தானம் செய்ததைக் கல்வெட்டுகள் சொல்வதால், முழுக் கற்பனை என்று தள்ளவும் இயலாது. முத்தரையர்பாளையத்தில் தன் மாளிகையை இடித்துக் குளம் வெட்டிய ஆயியின் கதையும் இதே வகைதான். அவளுக்கு மூன்றாம் நெப்போலியன் காலத்தில் நகரத்தில் மண்டபமே எழும்பியது. பங்காருவுக்குப் பெயர் மட்டும்தான்.

பாகூரின் செழிப்பு இந்தக் கதைகளுக்கு முந்தியது. 1879இல் இங்கே கிடைத்த ஐந்து செப்பேடுகள் ஒரு வளையத்தில் கோக்கப்பட்டவை. வடமொழியிலும் தமிழிலும் எழுதப்பட்டவை. பல்லவன் நிருபதுங்கனின் 8ஆம் ஆட்சியாண்டில், பாகூர் வித்தியாஸ்தானத்துக்கு மூன்று ஊர்களைக் கொடுத்த செய்தி அவற்றில் உள்ளது. ஒரு கல்விச்சாலை நடக்க மூன்று ஊர் விளைச்சலை ஒதுக்க முடிந்தது என்றால், ஒன்பதாம் நூற்றாண்டிலேயே மண் எவ்வளவு கொடுத்திருக்கும் என்று கணக்கிடலாம். அந்தச் செப்பேடுகள் பாரிசுக்குப் போய்விட்டன.

1749இல் சந்தா சாகிப் வில்லியனூரையும் பாகூரையும் பிரெஞ்சுக்காரருக்கு விட்டுக்கொடுத்தார். 1752இல் பாகூர் வெளியில் நடந்த சண்டையில் ஆங்கிலத் தளபதி லாரன்ஸ் வென்றார். இருந்தும் ஊர்கள் கடைசியில் பிரெஞ்சு ஆட்சியிலேயே நிலைத்தன. வாய்க்காலின் தலை ஓர் அரசிடமும் ஏரி இன்னோர் அரசிடமும் இருக்கும் சிக்கல் அப்படி வந்ததுதான்.

சென்னை அரசும் பிரெஞ்சு அரசும் 1910இல் செய்துகொண்ட ஒப்பந்தம் பாகூரின் பங்கை ஒழுங்குபடுத்தியது. 1958இல் ஆற்றின் மேற்பகுதியில் சாத்தனூர் அணை எழுந்த பிறகு, சொர்ணாவூருக்கு எவ்வளவு தண்ணீர் வரும் என்பது பெரும்பாலும் அணை திறப்பைப் பொறுத்தது.