ஐ.எஸ்.ஓ. 4049 சுரண்டல் சோதனையும் விளக்குப் பிடிக்கும் கையும்

நீல ஒளி பாய்ச்சி இறுக்கும் காம்போசிட் பல் அடைப்பு அடியில் இறுகாமல் போனால் குற்றம் விளக்கின் வலுக்குறைவில்தான் என்ற கருத்து நம் துறையில் வேரூன்றிவிட்டது. விளக்கின் வலுவை அளக்கும் ரேடியோமீட்டரில் எண் சரியாக இருந்தால் போதும் என்பார்கள். இவ்வாதம் கடைசியில் போய் நிற்பது ஐ.எஸ்.ஓ. 4049 தரநிலையின் சுரண்டல் சோதனையில். அதை அவர்கள் வாசித்த விதம் தவறு என்றே கருதுகிறேன்.

அச்சோதனையில் 4 மி.மீ. விட்டமுள்ள எஃகு அச்சில் காம்போசிட் பிசினை நிரப்பி, மேலே மெல்லிய படலம் விரித்து, விளக்கு முனையை அதன்மேல் படியவைத்து ஒளியூட்டுகிறார்கள். இறுகாத அடிப்பகுதியைப் பிளாஸ்டிக் கரண்டியால் சுரண்டி நீக்கி, எஞ்சிய நீளத்தில் பாதியை உறைவாழம் என்கிறார்கள். பாதியாக்கியதே போதிய காப்பு என்பது மறுதரப்பின் வாசிப்பு. ஆனால் அந்தப் பாதி எதற்கு ஈடு? சுரண்டலுக்குத் தப்பிய பிசினெல்லாம் நன்கு இறுகியதாகாது என்பதற்கு. முனை விலகுவதற்கும் சாய்வதற்கும் அதில் இடமே ஒதுக்கப்படவில்லை. சோதனை காட்டுவது, பொருளும் விளக்கும் கூடி எட்டக்கூடிய உச்சத்தை. அதைச் சிகிச்சை நாற்காலியில் கிடைக்கும் உத்தரவாதமாக எடுத்துக்கொண்டதில்தான் பிழை.

கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழகத்தில் ரிச்சர்டு பிரைஸ் குழுவினர் பொம்மைத் தலையின் பற்களுக்குள் ஒளியுணரி பொருத்தி அளந்தனர். அதே விளக்கு, அதே நேரம். ஆள் மாறியபோது பல்லில் சேர்ந்த ஆற்றலும் பெரிதும் மாறியது. பயிற்சிக்குப் பின் அது கூடியது. பொம்மை வாய் மனித வாயாகாது என்ற மறுப்பைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. பொம்மையின் நாக்கு முனையைத் தள்ளுவதில்லை; மனித வாயில் நிலைமை இதைவிடக் கடினமே.

வடசென்னையின் கல்மண்டபம், காசிமேடு பக்கத்துக் கிளினிக்குகளில் சிக்கல் இன்னும் கூர்மையானது. பாக்கு, மாவா மென்று சளிச்சவ்வு நாராகிப்போனவருக்கு மூன்று விரல் நுழைய வேண்டிய வாய் ஒன்றரை விரலுக்கே திறக்கும். கடைசிக் கடைவாய்ப் பல்லில் முனை செங்குத்தாக உட்காராது. சாய்ந்த ஒளி பக்கத்து முகட்டில் விழ, குழியின் அடி நிழலில் நிற்கிறது. நீல ஒளி கூசி, ஆரஞ்சுக் கண்ணாடி போடாத மருத்துவர் முகம் திருப்பினால் கை தானாக நழுவும். அடைப்பின் மேற்பரப்போ எக்ஸ்புளோரர் என்ற கூர்முனைக் கருவிக்குக் கல்லாகவே தட்டுப்படும்.

நேரத்தைக் கூட்டினால் சரியாகும் என்பார்கள். குறி தப்பிய ஒளி எத்தனை விநாடி எரிந்தாலும் கன்னத்தைத்தான் சூடாக்கும். வலு கூடிய விளக்கு நிலைமையை இன்னும் மோசமாக்கலாம். சதுர செ.மீ.க்கு 1000 மில்லிவாட்டில் 20 விநாடி பாய்ச்சுகையில் ஒரு விநாடி பிசகினால் இழப்பு 5 விழுக்காடு. 3000 மில்லிவாட்டில் 3 விநாடி என்றால் மூன்றில் ஒரு பங்கு.

பாதரசப் பயன்பாட்டைக் குறைக்கும் மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா 2018-இல் ஏற்றது. விளக்கே இல்லாமல் தானாக இறுகும், பாதரசம் கலந்த அமால்கம் விடைபெற்று வருகிறது; இனி விளக்குப் பிடிக்கும் கையையே நம்ப வேண்டும். பி.டி.எஸ். இரண்டாம் ஆண்டுச் செய்முறையில் குழி வெட்டுவதற்கு மதிப்பெண் போடுகிறோம். மாணவர் பல்லில் சேர்க்கும் ஆற்றலையும் அளந்து மதிப்பெண் போட வேண்டும்.