திராவிட மொழிக் குடும்பம்: கண்டறியப்பட்ட வரலாறு

திராவிட மொழிக் குடும்பம் என்பது தமிழ், மலையாளம், கன்னடம், தெலுங்கு, துளு, குடகு, தொதவம், கோத்தம், கோண்டி, கூயி, கோலாமி, பர்ஜி, குரூக், மால்தோ, பிராகுயி முதலான மொழிகள் சேர்ந்த இனமாகும். மொழியியலறிஞர் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தியின் கணக்குப்படி இதில் 26 மொழிகள் உள்ளன. தெற்கே ஈழம் முதல் வடமேற்கே பாகிஸ்தானின் பலுசிஸ்தான் வரையிலும், கிழக்கே ஜார்க்கண்டின் ராஜ்மகால் மலைகள் வரையிலும் இவை பேசப்படுகின்றன. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்திய மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினரின் தாய்மொழி இவற்றுள் ஒன்று.

இம்மொழிகள் ஓரினம் என்னும் உண்மை 1816இல் முதன்முறையாகச் சான்றுகளுடன் அச்சேறியது. அதை நிறுவியதில் இலக்கிய மொழிகளுக்கு இருந்த பங்கு எழுத்தே இல்லாத மலைமொழிகளுக்கும் இருந்தது. அந்தப் பங்கு இன்னும் உரிய அளவில் உணரப்படவில்லை.

இனம் காணும் முறை

உலகில் இன்று ஏறத்தாழ 7,000 மொழிகள் வழங்குகின்றன. ஒரு பழைய மொழியைப் பேசியவர்கள் பிரிந்து சென்று, நெடுங்காலம் தொடர்பின்றி வாழும்போது, அவர்கள் பேச்சு வெவ்வேறு மொழிகளாகிவிடுகிறது. அவ்வாறு ஒரு மூலத்திலிருந்து கிளைத்தவை ஒரு குடும்பம் எனப்படும். மடகாஸ்கர் தீவின் மலகாசி, ஆப்பிரிக்காவை ஒட்டி வழங்கினும் போர்னியோ தீவின் மொழிகளோடு உறவுடையது. ஐரோப்பாவின் பாஸ்க், வடக்குப் பாகிஸ்தானின் புருஷஸ்கி போன்றவற்றுக்கு நிறுவப்பட்ட உறவு எதுவும் இல்லை. இவை தனிமொழிகள் எனப்படும்.

சொற்கள் ஒத்திருப்பது மட்டும் உறவுக்குச் சான்றாகாது. அண்டை மொழிகள் சொற்களைக் கடன் வாங்கும். தற்செயலாகவும் சில ஒத்திருக்கும். ஆகவே அறிஞர்கள் மூன்றைத் தேடுகின்றனர்: உடலுறுப்பு, எண், உறவு, அன்றாட வினை ஆகியவற்றைக் குறிக்கும் அடிப்படைச் சொற்கள்; வேற்றுமை, காலம், இடம் காட்டும் உருபுகள்; இவையிரண்டிலும் திரும்பத் திரும்ப ஒரே ஒழுங்கில் வரும் ஒலி வேறுபாடு. இவற்றுள் மூன்றாவதே உறுதியான சான்று.

பழைய இலக்கண நூல்கள்

தொல்காப்பியம் செய்யுளுக்குரிய சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காகப் பகுத்தது. வடசொல்லை வேறு மரபினது எனத் தனித்துக் கண்ட பார்வை அதில் உண்டு. தெலுங்கு இலக்கணிகள் தற்சமம் (அப்படியே வந்த வடசொல்), தற்பவம் (திரிந்து வந்த வடசொல்), தேசியம் (நாட்டுச் சொல்) என்று பிரித்தனர். மலையாளமும் சமஸ்கிருதமும் கலந்த மணிப்பிரவாள நடைக்கு 14ஆம் நூற்றாண்டில் எழுந்த இலக்கணமான லீலாதிலகம், கன்னடத்தையும் தெலுங்கையும் திராவிடம் எனலாமா என்றே விவாதித்தது. சொற்களின் மூலத்தைப் பிரித்தறியும் கூர்மை இங்கே நெடுங்காலமாகவே இருந்தது. பல மொழிகளை அருகருகே வைத்து ஒப்பிட்டு உறவை நிறுவும் முயற்சி பின்னரே வந்தது.

சமஸ்கிருதம் எழுப்பிய கேள்வி

புதுச்சேரியில் வாழ்ந்த பிரெஞ்சு ஏசுசபைத் துறவி கேர்தூ, சமஸ்கிருதம் இலத்தீனையும் கிரேக்கத்தையும் ஒத்திருப்பதைச் சொற்பட்டியல்களுடன் 1767இல் பாரிசுக்கு எழுதினார். அது 1808 வரை அச்சாகவில்லை. இதற்கிடையே 1786இல் கல்கத்தா ஆசியக் கழகத்தில் உரையாற்றிய வில்லியம் ஜோன்ஸ், இம்மூன்றும் இப்போது இல்லாது போயிருக்கக்கூடிய ஒரு மூலத்திலிருந்து தோன்றியிருக்க வேண்டும் என்றார். இந்தோ-ஐரோப்பிய மொழியியலுக்கு இவ்வுரை வித்திட்டது.

இதனால் ஒரு தவறான முடிவும் பரவியது. இந்திய மொழிகள் எல்லாம் சமஸ்கிருதத்தின் வழிவந்தவை எனக் கல்கத்தா அறிஞர்கள் கருதினர். அவர்களுள் கோல்புரூக் இக்கருத்தினர்; வில்லியம் கேரி 1814இல் வெளியிட்ட தெலுங்கு இலக்கணமும் இதையே சொன்னது. தெலுங்கிலும் கன்னடத்திலும் சமஸ்கிருதச் சொற்கள் மிகுந்திருப்பது அவர்களை அவ்வாறு எண்ணவைத்தது.

எல்லிஸ், 1816

இம்முடிவை மறுத்தவர் சென்னைக் கலெக்டராக இருந்த பிரான்சிஸ் வைட் எல்லிஸ். தமிழ்ப் புலவர்கள் அவரை எல்லீசன் என்று அழைத்தனர். திருக்குறளின் ஒரு பகுதிக்கு ஆங்கில உரை எழுதியவரும் அவரே. அவர் முயற்சியால் 1812இல் சென்னைக் கல்விச் சங்கம் தோன்றியது. ஆங்கிலேய அலுவலர்கள் அங்கே தென்னாட்டு மொழிகளைக் கற்றனர். தமிழ், தெலுங்கு, கன்னடப் பண்டிதர்கள் ஒரே கூரையின்கீழ் பணிபுரிந்ததால் அம்மொழிகளை ஒப்பிட அரிய வாய்ப்புக் கிட்டியது.

அச்சங்கத்தைச் சேர்ந்த காம்ப்பெல் எழுதிய தெலுங்கு இலக்கணம் 1816இல் வெளிவந்தது. அதன் முன்னுரைக்கு எல்லிஸ் ஒரு குறிப்பு எழுதினார். சமஸ்கிருத வினையடிகளையும் தெலுங்கு வினையடிகளையும் அகரவரிசையில் எதிரெதிரே நிறுத்தி, இரண்டும் வேறு என்று அதில் முதலில் காட்டினார். அடுத்துத் தெலுங்கு, கன்னட, தமிழ் அடிகளை நிறுத்தி, இவை ஒன்று என்று காட்டினார். பின்னர் சொற்களையும், மூன்று மொழிகளிலும் வாக்கியம் அமையும் முறையையும் ஒப்பிட்டார். மாமிடி வெங்கய்யாவின் தெலுங்கு அகராதி முன்னுரையில் இருந்த தற்சமம், தேசியம் என்னும் பகுப்பும் அவருக்குக் கைகொடுத்தது. மலையாளம், துளு, குடகு ஆகியவற்றையும் எங்கோ தொலைவிலிருந்த ராஜ்மகால் மலைமக்களின் பேச்சையும் இவ்வினத்தில் அவர் சேர்த்தார்.

ஃபிரான்ஸ் போப் சமஸ்கிருத, ஐரோப்பிய வினை வடிவங்களை ஒப்பிட்டு எழுதிய நூல் ஜெர்மனியில் வெளிவந்ததும் அதே 1816இல்தான். போப்பின் நூல் உலகப் புகழ் பெற்றது. எல்லிஸ் 1819இல் இராமநாதபுரத்தில் காலமானார். அச்சேறாத அவர் எழுத்துகளில் பெரும்பகுதி சிதறிப்போயிற்று. வரலாற்றாசிரியர் தாமஸ் டிராட்மன் 2006இல் வெளியிட்ட ஆய்வு நூல் எல்லிஸுக்கும் அவருடன் உழைத்த பண்டிதர்களுக்கும் உரிய இடத்தை மீட்டுத் தந்தது.

கால்டுவெல், 1856

அயர்லாந்தில் 1814இல் பிறந்த ராபர்ட் கால்டுவெல், கிளாஸ்கோவில் கிரேக்கம் பயின்றபோது ஒப்பிலக்கணத்தில் ஆர்வம் கொண்டார். 1838இல் சென்னை வந்து, 1841 முதல் திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடியில் சமயப்பணி செய்தார். அவர் எழுதிய ‘திராவிட அல்லது தென்னிந்தியக் குடும்ப மொழிகளின் ஒப்பிலக்கணம்’ 1856இலும், விரிவாக்கிய இரண்டாம் பதிப்பு 1875இலும் வெளிவந்தன. குமாரிலபட்டரின் நூலில் கண்ட ‘திராவிடம்’ என்னும் சொல்லை இனப்பெயராக நிலைநிறுத்தியவர் அவரே. இரண்டாம் பதிப்பில் 12 மொழிகளை எடுத்து, ஆறைத் திருந்திய மொழிகள் என்றும் ஆறைத் திருந்தா மொழிகள் என்றும் பிரித்தார்.

ஒலி, வேர், பெயர், வினை, எண், மூவிடப்பெயர் என எல்லாத் துறைகளிலும் ஒப்பிட்டு, பிற்கால ஆய்வுக்கான அடித்தளத்தை அவர் அமைத்தார். பின்னியம், துருக்கியம் முதலிய ‘சித்திய’ மொழிகளுடன் திராவிடத்தை இணைத்த அவருடைய கருத்து பின்னர் நிலைக்கவில்லை. ‘திருந்தா’ என்ற அடைமொழியும் இன்று கைவிடப்பட்டுவிட்டது. எழுத்து இல்லாத மொழிக்கும் முழுமையான இலக்கணம் உண்டு.

ஒலிகளின் ஒழுங்கு

தமிழ்ச் சொல்லின் முதலில் வரும் பகரம் இன்றைய கன்னடத்தில் ஹகரமாகிறது: பால் – ஹாலு, பத்து – ஹத்து, புலி – ஹுலி. பழங்கன்னடத்தில் இவை பகரத்துடனேயே இருந்தன. தமிழின் ழகரம் கன்னடத்தில் ளகரமாகவும் தெலுங்கில் டகரமாகவும் வருகிறது: ஏழு – ஏளு – ஏடு, கோழி – கோளி – கோடி. தெலுங்கில் சொல்முதல் உயிர் இடம்மாறுவதும் உண்டு: தமிழில் உரல் என்பது அங்கே ரோலு. ஒவ்வொரு சொல்லிலும் இம்மாற்றம் ஒரே வழியில் நிகழ்வதால் இதைத் தற்செயல் என்று தள்ள முடியாது.

இவ்வாய்வு தமிழுக்கும் ஒன்றைக் கற்பித்தது. தமிழில் செவி, சேரி என்பவை கன்னடத்தில் கிவி, கேரி. செவி கோத்தத்தில் கெவ், துளுவில் கெபி. மூல மொழியில் ககரமே இருந்தது. இ, எ போன்ற உயிர்களின் முன் தமிழ் அதைச் சகரமாக்கியது. ஆறு என்னும் எண் கோண்டியில் சாருங். உப்பு கோலாமியில் சுப். சொல்முதலில் மூல மொழியில் இருந்த சகரத்தைத் தமிழ் இங்கே இழந்துவிட்டது; மலைமொழிகள் அதைக் காத்துவைத்துள்ளன.

1891இல் வெளிவந்த மனோன்மணீயம் நாடகத்தின் தமிழ்த்தாய் வாழ்த்து, மற்றத் தென்மொழிகளைத் தமிழின் வயிற்றில் பிறந்தவையாகப் போற்றுகிறது. கவிஞரின் அன்பு அது. மொழியியல் கண்ட முறையில் தமிழும் பிறவும் உடன்பிறப்புகள். அவற்றின் தாய் தொல்திராவிடம். உடன்பிறந்தவற்றுள் மிகப் பழைய எழுத்துச் சான்றும் இலக்கியமும் உடையது தமிழ். அச்சிறப்பு தமிழுக்கு என்றும் உரியது.

மலைமொழிகளின் சாட்சியம்

பலுசிஸ்தானின் பிராகுயியில் ஒன்று, இரண்டு, மூன்று என்பவை அசிட், இரட், முசிட். நான்கு முதல் எல்லாம் கடன்பெற்ற எண்கள். கண் என்னும் சொல் அங்கே தொண்டையில் உரசி எழும் ககரத்துடன் ‘கன்’ என ஒலிக்கிறது. டெனிஸ் பிரே 1909இல் வெளியிட்ட இலக்கணம் இம்மொழியைத் தெளிவாக அறியச் செய்தது. மலைமொழிகள் எல்லாமே திராவிடம் ஆகா: நடுவிந்திய முண்டா மொழிகளைத் திராவிடத்திலிருந்து மாக்ஸ் முல்லர் 1854இலேயே பிரித்தார். அவை ஆஸ்திரோ-ஆசியக் குடும்பத்தவை.

மொழியியலறிஞர் எமனோ 1935 முதல் 1938 வரை நீலகிரியிலும் குடகிலும் நடுவிந்தியாவிலும் தங்கித் தொதவம், கோத்தம், குடகு, கோலாமி ஆகியவற்றைப் பேசுவோரிடமே கேட்டு எழுதினார். தாமஸ் பரோவும் சுதிபூஷண் பட்டாச்சார்யாவும் பஸ்தர், கோராபுட் காடுகளில் பர்ஜி, பெங்கோ முதலியவற்றை ஆராய்ந்தனர். கிருஷ்ணமூர்த்தி கோண்டா மொழிக்கு இலக்கணம் எழுதினார். இவ்வுழைப்பின் பயனாக எமனோவும் பரோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதி 1961இல் வெளிவந்தது. 1984இன் இரண்டாம் பதிப்பில் 5,500க்கும் மேற்பட்ட பதிவுகள் உள்ளன. ஒரு பதிவைப் புரட்டினால் தமிழ் இலக்கியச் சொல்லுக்குப் பக்கத்திலேயே ஒரு கோண்டர் அல்லது தொதவர் வாய்மொழியாகத் தந்த சொல் சம மதிப்புடன் நிற்பதைக் காணலாம்.

கிளைகள்

இன்று பெரிதும் ஏற்கப்படும் பகுப்பு நான்கு கிளைகளைக் காட்டுகிறது. தென்திராவிடத்தில் தமிழ், மலையாளம், இருளம், குடகு, தொதவம், கோத்தம், படகம், கன்னடம், துளு அடங்கும். தென்நடுத் திராவிடத்தில் தெலுங்கு, கோண்டி, கோண்டா, கூயி, கூவி, பெங்கோ, மண்டா உள்ளன. கோலாமி, நாய்க்கி, பர்ஜி, கதபா ஆகியவை நடுத் திராவிடம். குரூக், மால்தோ, பிராகுயி வடதிராவிடம்.

தீராத விவாதங்கள்

20 மொழிகளின் சொற்களைக் கணினிவழி ஆராய்ந்த 2018ஆம் ஆண்டு ஆய்வு, இக்குடும்பம் ஏறத்தாழ 4,500 ஆண்டுகளுக்கு முன் கிளைக்கத் தொடங்கியது என்று மதிப்பிட்டது. டேவிட் மெக்ஆல்பின், பழைய ஈரானின் ஈலமைட் மொழியுடன் திராவிடத்தை இணைத்தார்; பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. சிந்துவெளி எழுத்து ஒரு திராவிட மொழியைக் குறிக்கிறது என்று அஸ்கோ பர்ப்போலாவும் ஐராவதம் மகாதேவனும் வாதிட்டனர்; அவ்வெழுத்து இன்னும் படிக்கப்படவில்லை. பிராகுயியர் வடமேற்கிலேயே எஞ்சியவர்களா, நடுவிந்தியாவிலிருந்து ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சென்றவர்களா என்பதிலும் இருவேறு கருத்துண்டு.

இன்றைய நிலை

தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய பெருமொழிகள் நான்கும் அரசு, பள்ளி, அச்சு ஆகியவற்றின் துணையோடு செழிக்கின்றன. தொதவமும் கோத்தமும் அழிவின் விளிம்பில் உள்ளவை என யுனெஸ்கோ வகைப்படுத்தியுள்ளது. 1971 முதல் இந்தியக் கணக்கெடுப்பு 10,000 பேருக்குக் குறைவானோர் பேசும் மொழிகளின் எண்ணிக்கையைத் தனியே வெளியிடாததால், இவை பட்டியலில் இடம்பெறுவதும் இல்லை. ஒரு மலைமொழி மறைந்தால் அதைப் பேசியோரின் பாட்டும் வழக்காறும் போகும். தொல்திராவிடத்தைப் பற்றி அது மட்டுமே தரக்கூடிய சான்றும் போகும். ஆகவே அம்மொழிகளைப் பதிவு செய்வதும், அவற்றைப் பேசும் குழந்தைகள் பள்ளியில் அவற்றிலேயே கற்க வழிசெய்வதும் தமிழின் வரலாற்றைப் பேணும் பணியில் அடங்கும்.