விழித்திருந்த கண்கள்: சோழமண்டலக் கரைக் கப்பல்களில் இரவுக் காவல்

வல்லம் வட்டாரத்துச் சிற்றூர்கள் சூழ நிற்கும் செஞ்சிக் கோட்டையில் காவல் காத்தோரை வரலாறு ஓரளவு நினைவில் வைத்திருக்கிறது. 1714இல் தேசிங்கு ராஜனுடன் உயிர் நீத்த அவனுடைய தோழர் மகபத்கானை நாட்டார் கதைப்பாடல் இன்றளவும் வாழ வைத்துள்ளது. ஆனால் இதே செஞ்சியின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த துறைமுகங்களிலிருந்து புறப்பட்ட மரக்கலங்களில் இரவெல்லாம் விழித்திருந்தோரை நாம் அறவே மறந்தோம். அவர்களைப் பற்றிச் சிறிது சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கடல் செஞ்சிக்குக் கிழக்கே வெகு தொலைவில் உள்ளது. எனினும் பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் தேவனாம்பட்டினமும் பரங்கிப்பேட்டையும் செஞ்சி நாயக்கர்களின் ஆட்சிப் பகுதியிலேயே அடங்கியிருந்தன. 1649இல் செஞ்சி பீஜப்பூர் சுல்தான்களின் வசமாயிற்று. பரங்கிப்பேட்டைக்கு மஹ்மூது பந்தர் என்னும் பெயரும் வழங்கலாயிற்று. அங்கிருந்தும் நாகப்பட்டினம், நாகூர் ஆகிய துறைகளிலிருந்தும் மரக்காயர்களின் கப்பல்கள் துணிமூட்டைகளை ஏற்றிக்கொண்டு அச்சே, கெடா, மலாக்கா ஆகிய இடங்களுக்குச் சென்றன. வங்கக் கடலின் நடுவே பல நாள்கள் கரையே தென்படாது. அந்நாள்களில் கப்பலின் உயிர், காவலில் இருப்பவனின் கண்ணில் இருந்தது.

அக்காவல் எவ்வாறு பகுக்கப்பட்டிருந்தது என்பதை அக்பரின் அவைக்களப் புலவர் அபுல் ஃபஸல் தமது ‘ஆயினே அக்பரி’யில் தரும் கப்பற் பணியாளர் பட்டியல் நமக்கு உணர்த்துகிறது. கப்பலின் தலைவர் நாகுதா. ஆழமும் திட்டும் அறிந்து, வான நூல் கற்றுக் கப்பலை நடத்துபவர் முஅல்லிம். கலாசிகளுக்குத் தலைவர் தண்டேல். சுக்கானைப் பிடிப்போர் சுக்கான்கீர். கப்பலுக்குள் கசியும் நீரை இறைத்துக்கொண்டே இருப்போர் குன்மதி. பாய்மரத்தின் உச்சியில் அமர்ந்து, கரையோ கலமோ புயலோ தென்பட்டால் உடனே குரல் கொடுப்பவர் பஞ்சரி.

இச்சொற்களுட் பல நமக்குப் புதியன அல்ல. சுக்கான், சராங்கு, தண்டல், பண்டாரி, கிராணி ஆகியன தமிழோடு கலந்துவிட்டவை. ‘மாலுமி’ என்று நாம் வழங்குவதே ‘முஅல்லிம்’ என்னும் அரபுச் சொல்லின் திரிபன்றோ? ஆசிரியர் என்பது அதன் பொருள். கப்பலை நடத்துபவருக்கு ஆசிரியர் என்று பெயரிட்ட சமுதாயம், கடலோட்டத்தை உடல் உழைப்பாக மட்டும் கருதவில்லை. கற்றுத் தேர வேண்டிய கல்வியாகவே கருதியது என்பது நோக்கத்தக்கது. அக்கல்விக்குரிய பள்ளி கப்பலின் மேல்தளம். பாட வேளை இரவு.

காலக் கணக்கும் அவ்வாறே. அரபு மாலுமிகள் பகலிரவை எட்டு ‘ஸாம்’களாகப் பகுத்தனர். ஒரு ஸாம் மூன்று மணி நேரம். தமிழரின் சாமமும் ஏழரை நாழிகை. அதாவது மூன்று மணி நேரமே. ஒரு ஸாமில் கப்பல் ஓடும் தொலைவும் ஸாம் என்றே வழங்கிற்று. காலமே தொலைவின் அளவுகோலாக இருந்ததால், காவலன் சற்றே கண்ணயர்ந்து கணக்கை விட்டால் கப்பல் எங்கிருக்கிறது என்பதே தெரியாமற் போகும்.

விண்மீனின் உயரத்தை அவர்கள் விரலால் அளந்தனர். அரபியில் அது ‘இஸ்பஃ’. விரல் என்பதே பொருள். சிறு பலகையொன்றின் நடுவில் முடிச்சுகள் இட்ட கயிற்றைக் கட்டிப் பலகையின் கீழ் விளிம்பு தொடுவானத்தையும் மேல் விளிம்பு துருவ மீனையும் தொடுமாறு பிடிப்பர். எந்த முடிச்சில் அது பொருந்துகிறதோ அம்முடிச்சுக்குரிய துறையின் நேர்க்கோட்டில் கப்பல் உள்ளது என்று அறிவர். சோழமண்டலக் கரை மாலுமிகள் இத்தகைய பலகையைக் கையாண்டதை 1850இல் காங்கிரீவ் என்னும் ஆங்கிலேய அதிகாரி சென்னை ஆய்விதழொன்றில் விவரித்துள்ளார். இதற்கு ‘இராப்பலகை’ என்று பெயர்.

நாகப்பட்டினத்தில் ஏறத்தாழ 11 பாகை உயரத்தில் நிற்கும் துருவ மீன், அச்சேயை அணுகும்போது 6 பாகைக்கும் கீழே இறங்கி, தொடுவானத்து மூட்டத்தில் மங்கிவிடும். அப்போது வேறு மீன்களை நாட வேண்டும். மேலும் அக்காலத்தில் அம்மீன் உண்மைத் துருவத்திலிருந்து மூன்று பாகைக்கு மேல் விலகியிருந்தமையால் தானும் சுழன்றது. அதற்குரிய திருத்தக் கணக்கை 1490ஆம் ஆண்டளவில் ‘கிதாபுல் ஃபவாயித்’ இயற்றிய அஹ்மத் இப்னு மாஜித் விளக்கியுள்ளார்.

காவல் தொழுகையையும் தழுவியிருந்தது. இஷா முதல் ஃபஜ்ர் வரை நேரம் காப்பவனும் அவனே. பொய் வைகறையையும் மெய் வைகறையையும் பிரித்தறிய, தடையற்ற கடல் வானத்தைவிடச் சிறந்த இடம் ஏது? நம் கடற்கரை மக்கள் பின்பற்றும் ஷாஃபிஈ சட்ட நூல்கள் கப்பலோட்டியின் நிலையைத் தனியே கருதியுள்ளன. ஓட்டும் பணியில் இருப்பவர் நஃபில் தொழுகையில் கிப்லாவை முன்னோக்க வேண்டிய கட்டாயமில்லை எனச் சலுகை தந்தன. சுக்கானை விட்டுவிட இயலாதவனின் கடமையை ஃபுகஹாக்கள் அறிந்திருந்தனர் என்பதற்கு இதுவே சான்று.

இக்கல்வி இல்லாத கப்பலின் கதி என்ன? 1344ஆம் ஆண்டளவில் இலங்கையிலிருந்து மஅபர் எனப்பட்ட நமது கரைக்கு வந்த இப்னு பதூதா அதைத் துய்த்தவர். தம் கப்பலில் வழியறிந்த தலைவர் இல்லை என்று அவரே குறிப்பிடுகிறார். காற்று கடுமையாயிற்று, கப்பல் ஆழமற்ற நீரில் சிக்கியது, பாய்மரத்தை வெட்டினர். தோழர்களைக் கரைக்கு அனுப்பிவிட்டு, அவர் உடைந்த கப்பலின் பின்தளத்திலேயே இரவைக் கழித்தார். விடிந்த பின் கரையிலிருந்து படகில் வந்த முஸ்லிமல்லாத மக்களே அவரைக் காப்பாற்றினர். உலகம் சுற்றிய அறிஞரின் உயிரும் ஒரு மாலுமியின் அறிவைச் சார்ந்திருந்தது.

நாடு திரும்பும் கப்பலில் உச்சிமரத்துக் காவலனின் குரலுக்காக எல்லோரும் காத்திருப்பர். தஞ்சை மராத்திய மன்னர் பிரதாப் சிங் பதினெட்டாம் நூற்றாண்டில் எழுப்பிய நாகூர்ப் பெரிய மினாரா 131 அடி உயரமுடையது. தாழ்ந்த மணற்கரையில் அது கடலோடிகளுக்கு அடையாளமாயிற்று.

1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. நீராவிக் கப்பல்கள் பெருகின. நம்மவர் பலர் ‘லஸ்கர்’களாக அந்நியக் கப்பல்களின் கொதிகலன் அறைகளுக்குள் இறங்கினர். வானம் அவர்களுக்கு மறைந்தது. ஆசிரியர் என்னும் பொருளுடைய சொல், கூலியாளைக் குறிக்கும் சொல்லாகத் தேய்ந்தது.

பள்ளிவாசல் கட்டிய வணிகப் பெருமக்களின் பெயர்கள் கல்வெட்டிலும் ஆவணத்திலும் உள்ளன. அவர்களின் செல்வத்தைக் கரை சேர்த்த பஞ்சரிக்கும் சுக்கானிக்கும் கல்வெட்டு இல்லை. காவலில் விழித்திருந்த கண்ணின் சிறப்பைத் திர்மிதியில் இடம்பெறும் நபிமொழியொன்று போற்றுகிறது. அது இறைவழியில் காவல் நின்றோரைப் பற்றியது. தம் மக்களின் உயிரையும் அமானிதப் பொருளையும் காத்து நின்ற இவர்களும் நம் நன்றிக்குரியவர்களே. கடற்கரை ஊர்களில் பாய்மரத் தோணியோட்டிய முதியோர் எஞ்சியிருப்பின், அவர்கள் அறிந்த காற்றின் பெயர்களையும் மீன்களின் பெயர்களையும் எழுதி வைப்பது நம் தலைமுறையின் கடமை. காலம் தாழ்த்தினால் இராப்பலகை ஒரு சொல்லாக மட்டுமே மிஞ்சும்.