பெயர் வைக்காத முகங்கள்

ரெம்பிராண்ட் 1630இல் அச்சிட்ட ஒரு முகம் ஏறக்குறைய ஐந்து சென்டிமீட்டர் உயரம்தான். தொப்பி அணிந்த இளைஞன் ஒருவன் கண்களை அகல விரித்து, வாய் சற்றே திறந்திருக்க நம்மைப் பார்க்கிறான். அது ரெம்பிராண்டின் முகம். லைடன் நகரில் அவர் 24 வயதை எட்டிய ஆண்டு அது. அதே ஆண்டில் கண்ணாடியில் தன்னைப் பார்த்துச் சிரிக்கும் முகத்தையும் சுளிக்கும் முகத்தையும் தகட்டில் வரைந்தார்.

இப்படிப்பட்ட படங்களை டச்சுக்காரர்கள் ‘ட்ரோனி’ என்றார்கள். முகம் என்பதுதான் அதன் பொருள். பணம் கொடுத்து வரையச் சொல்லும் உருவப்படத்தில் ஒருவரின் பெயரும் அந்தஸ்தும் தெரிய வேண்டும். ட்ரோனியில் ஆள் யார் என்பது முக்கியமில்லை. அந்த முகத்தில் என்ன நிகழ்கிறது என்பதே முக்கியம்.

இதற்கு எட்சிங் முறை கைகொடுத்தது. செம்பை உளியால் நேரடியாகச் செதுக்கக் கைவலுவும் பொறுமையும் வேண்டும். எட்சிங்கில் தகட்டின் மேல் பூசிய மெழுகை ஊசியால் கீறினால் போதும். கீறிய இடத்தை அமிலம் அரித்துப் பள்ளமாக்கும். அதில் மை நிரப்பி, ஈரத்தாள் வைத்து அழுத்தினால் படம் கிடைக்கும். மெழுகில் ஊசி பேனாவைப் போல ஓடுவதால், கணநேர முகக்குறிப்பையும் பிடிக்க முடிந்தது.

இந்தப் பயிற்சி கண்ணாடியோடு நிற்கவில்லை. மேட்டில் அமர்ந்து கையேந்தும் பிச்சைக்காரன் ஒருவனை அதே 1630இல் வரைந்தபோது, அவனுக்கும் தன் முகச்சாயலையே கொடுத்தார்.

பிரான்சில் வேறொரு போக்கு உருவானது. 1668இல் அரச ஓவியக் கழகத்தில் ஷார்ல் லெ ப்ரன் உரையாற்றி, ஒவ்வோர் உணர்ச்சிக்கும் புருவமும் வாயும் எப்படி அமையும் என்று வகுத்துச் சொன்னார். அவர் மறைந்தபின், 1698இல் அது படங்களுடன் நூலாக வந்து ஓவியர்களுக்குப் பாடமானது.

என் துறையான மென்பொருளில் லெ ப்ரனின் வாரிசுகளைப் பார்க்கிறேன். முகத்தைப் படம்பிடித்து ‘கோபம்’, ‘பயம்’, ‘வியப்பு’ என்று சீட்டு ஒட்டும் நிரல்கள் அவை. பணியிடங்களிலும் கல்விக்கூடங்களிலும் மனிதரின் உணர்ச்சியை ஊகிக்க இவற்றைப் பயன்படுத்துவதை ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024ஆம் ஆண்டுச் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் தடை செய்கிறது. மருத்துவ, பாதுகாப்புக் காரணங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஒருவரின் வேலை அந்தச் சீட்டை நம்பி இருக்கக் கூடாது என்பது எனக்கும் நியாயமாகப் படுகிறது.

அந்தத் தொப்பிக்காரனின் முகத்தில் இருப்பது மருட்கையா, அச்சமா? இரண்டும்தான் என்று ஒருநாள் தோன்றும். இரண்டுமில்லை, வெறும் விளையாட்டு என்று மறுநாள் தோன்றும். ரெம்பிராண்ட் தகட்டில் தன் பெயரின் எழுத்துகளையும் 1630 என்ற ஆண்டையும் மட்டுமே பொறித்தார். அந்த உணர்ச்சிக்குப் பெயர் எதுவும் எழுதவில்லை.