காற்று வாங்கிய கதை

புதுச்சேரிக்குப் போகிறவர்கள் மாலையில் கடற்கரைக்குக் காற்று வாங்கப் போவது வழக்கம். நானும் வாங்கியிருக்கிறேன், காசு கொடுத்ததுமில்லை, கணக்கு வைத்ததுமில்லை. ஆனால் ஊருக்கு வடக்கே காலாப்பட்டில், பல்கலைக்கழக விருந்தினர் விடுதியின் மாடியில், 2006 செப்டம்பரிலிருந்து சிலர் மெய்யாகவே காற்று வாங்கினார்கள். கம்பம் நட்டு, கண்ணாடிக் குடுவையில் காற்றை அடைத்து, பாரிசுக்கு அருகிலுள்ள ஓர் ஆராய்ச்சிசாலைக்கு அனுப்பினார்கள். அதில் மீதேன் வாயு எவ்வளவு என்று அங்கே அளந்து எழுதி வைத்தார்கள். பெங்களூர் விஞ்ஞானிகளும் இதில் கூட்டாளிகள். 1954 நவம்பர் 1-ல் நிலத்தை ஒப்படைத்துவிட்டுப் போன பிரெஞ்சுக்காரர்கள், அரை நூற்றாண்டு கழித்துக் காற்றைக் கேட்டு வந்தார்கள்!

மீதேன் என்றதும் மிரள வேண்டாம். குளத்துச் சேற்றைக் கம்பால் கிளறிக் குமிழி எழும்புவதைப் பார்த்திராத பிள்ளை உண்டா? அந்தக் குமிழிதான். 1776-ல் வோல்ட்டா என்ற இத்தாலியர் ஓர் ஏரிச் சேற்றில் இதே விளையாட்டை விளையாடி, குமிழியைப் பிடித்துக் கொளுத்திப் பார்த்தார். அவருக்குப் புகழ் கிடைத்தது; எனக்கு வீட்டில் அடி கிடைத்தது. நீர் தேங்கிய வயலில் நுண்ணுயிர்கள் இதை உண்டாக்குகின்றன. நெற்பயிரின் தண்டு வழியாகவே மேலே வந்துவிடுகிறது. மாட்டின் வயிற்றிலிருந்தும், நிலக்கரிச் சுரங்கத்திலிருந்தும், எண்ணெய்க் கிணற்றிலிருந்தும் வருகிறது. வந்தது ஆகாயத்தில் கலந்து, பூமியின் சூட்டை வெளியே விடாமல் போர்வைபோல் மூடுகிறது.

வழக்கு இங்கேதான் ஆரம்பம். இந்திய நெல்வயல்கள் வருஷத்துக்கு 3 கோடியே 78 லட்சம் டன் மீதேன் விடுவதாக 1990-ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு இலாகா கணக்குப் போட்டது. எங்கோ ஒரு தேசத்து வயலில் அளந்ததை நம் வயல் பரப்பால் பெருக்கினால் வருகிற கணக்கு அது. சோறு தின்பதே குற்றம் என்றாகிவிட்டது. டில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் ஏ. பி. மித்ரா சும்மா இருக்கவில்லை. 1991-ல் பல ஆராய்ச்சிசாலைகளைச் சேர்த்துக்கொண்டு வயலிலேயே இறங்கிவிட்டார். பயிரின்மேல் பெட்டியைக் கவிழ்த்து, உள்ளே சேரும் காற்றை ஊசிக்குழலால் உறிஞ்சி அளந்தார்கள். கிடைத்த விடை சுமார் 40 லட்சம் டன். கிட்டத்தட்டப் பத்தில் ஒன்று! வயல் வரப்பை மிதிக்காமலே சாகுபடிக் கணக்கு எழுதிய கர்ணங்கள் நம் ஊரிலும் இருந்ததுண்டு.

இதைப் படித்துத் தொடை தட்டிய நான், காலாப்பட்டுக் கணக்கைப் பார்த்ததும் கொஞ்சம் அடங்கினேன். ஆடி வாக்கில் அங்கே மீதேன் குறைகிறது. தென் சமுத்திரத்துக் காற்று சுத்தமாக வருகிற காலம். கார்த்திகை, மார்கழியில் காற்று திசை மாறி, நிலங்களைத் தடவிக்கொண்டு வரும்போது ஏறிவிடுகிறது. ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் வித்தியாசம் நூறு கோடிப் பங்கு காற்றில் சுமார் 120 பங்கு. லடாக்கில் ஹான்லே மலைமேல் இதே வேலை நடந்தது. அங்கே வித்தியாசம் சுமார் 30தான். குடுவை யாருக்கும் வக்கீல் இல்லை. யந்திரங்கள் வருமுன் உலகக் காற்றில் மீதேன் 700 பங்கு அளவில் இருந்தது என்று துருவப் பனிக்கட்டியில் சிறைப்பட்ட குமிழிகள் சொல்கின்றன. இன்று 1,900-ஐத் தாண்டிவிட்டது.

மேலேயிருந்து செயற்கைக் கோள் பார்க்கிறதே, குடுவை எதற்கு என்று கேட்கலாம். மேகம் மூடினால் அதற்குக் கண் தெரியாது. நெல் வளர்வதோ மழைக் காலத்தில்!

மேகத்தின் குணம் புதுச்சேரிக்குப் பழைய பாடம். சூரியனைச் சுக்கிரன் கடப்பதைப் பார்க்க லெ ழாந்தீல் என்ற பிரெஞ்சு வானசாஸ்திரி 1760-ல் கப்பல் ஏறினார். 1761-ல் அவர் வருவதற்குள் ஊர் ஆங்கிலேயர் கையில் போய்விட்டது. அடுத்த கிரகணத்துக்காகக் கீழ்த்திசையிலேயே சுற்றிக் காத்திருந்து, 1768-ல் புதுச்சேரியில் இறங்கி, கோட்டை இடிபாடுகளில் தூரதிருஷ்டிக் கண்ணாடியை நிறுத்தினார். 1769 ஜூன் 4 விடியற்காலை மேகம் மூடிக்கொண்டது. எல்லாம் முடிந்த பிறகு வெயில் அடித்தது.

காலாப்பட்டு மாடிக்காரர்களுக்கு அந்தக் கவலை இல்லை. நடுப்பகலுக்குமேல் கடற்காற்று திரும்பிவிட்டதா என்று மட்டும் பார்ப்பார்கள். ஊர்ப் புகை கலக்காத நேரம் அது. 2011 ஜூலையில் வேலை 30 மீட்டர் கோபுரத்துக்கு மாறியது. அதுவரை அந்த விடுதியில் தங்கிய விருந்தாளிகளில் எத்தனை பேர், தலைக்குமேல் என்ன நடக்கிறது என்று கேட்டார்களோ!